அப்பாவின் துவக்கு உங்களுக்குப் பொருந்துகிறதா? கட்டையை வெட்டுமுன் பாருங்கள்

கேள்வி: வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறோம். பன்றித் தொல்லைக்காக அப்பா வைத்திருந்த 12 போர் இரட்டைக்குழல் துவக்கு இப்போது முறைப்படி என் பெயருக்கு மாறியிருக்கிறது. அப்பா நல்ல உயரம். நான் ஐந்தடி நாலங்குலம். தோளுக்கு ஏற்றும்போது சுவெட்டரில் மாட்டுகிறது. சுட்டால் கன்னம் வீங்குகிறது, குறியும் தவறுகிறது. தோளில் வைக்கும் மரக் கட்டையில் ஒன்றரை அங்குலம் வெட்டினால் சரியாகிவிடும், துவக்கைக் கொடுத்தால் தானே செய்வித்துத் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள், அப்புறம் கட்டையைப் பார்ப்போம்.

அனுமதிப்பத்திரம் உங்களுக்கு மட்டும் உரியது. இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாத ஒருவர் கையில் உங்கள் துவக்கு ஒரு இரவு இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இந்தத் தரகர்கள் வெட்டுவதற்கு என்று வாங்கிப் போவார்கள், பிறகு ‘குழல் தேய்ந்துவிட்டது, வேறு துவக்கு மாற்றித் தருகிறேன்’ என்பார்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை முடித்துத் தருகிறேன் என்று அதற்கும் ஒரு தொகை கேட்பார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க ஒரு விவசாயியை இத்தனை தரம் அலைய வைத்து, விளங்காத மொழியில் படிவத்தையும் நீட்டினால் தரகர் முளைக்காமல் என்ன செய்வார்? இருந்தாலும் நீங்களே போங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். அவர் உங்கள் உடம்பை அளக்கவில்லை, கண்ணைச் சோதிக்கவில்லை. ஒன்றரை அங்குலம் என்று எப்படிச் சொன்னார்? விசையில் விரலை வைத்து, கட்டையின் அடி முழங்கை மடிப்பில் முட்டுகிறதா என்று பார்த்திருப்பார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். அது முன்னங்கையின் நீளத்தை மட்டும் சொல்லும். கழுத்து நீளமா, தோள் அகலமா, கன்னம் சதைப்பிடிப்பா என்று எதையும் சொல்லாது.

இந்த வகைத் துவக்கில் பின்குறி, அதாவது குறி பார்க்கக் குழலின் பின்பக்கம் வைக்கும் அடையாளம், கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கண் இருக்க வேண்டிய இடத்தில் கன்னத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதே கட்டையின் வேலை. இரவில் டோர்ச் வெளிச்சத்தில் குழல் முனையிலுள்ள, குறி பார்க்க உதவும் சின்ன மணி தெரியாது. அந்த நேரத்தில் பொருத்தம் மட்டும்தான் கைகொடுக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். துவக்கைத் திறந்து இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். காவலுக்குப் போகும்போது போடும் அதே சுவெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தடித்த சுவெட்டர் போட்டால் கட்டை நீண்டதற்குச் சமம். நிலைக்கண்ணாடி முன் நின்று, அதில் தெரியும் உங்கள் வலது கண்ணைப் பார்த்தபடியே துவக்கை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு தலையை நகர்த்தாதீர்கள். கருவிழி இரண்டு குழலுக்கும் நடுவில், சற்று மேலே உட்கார்ந்திருந்தால் நல்லது. குழலின் பின்பக்கம் கண்ணை மறைத்தால் கன்னம் படும் விளிம்பு தாழ்வு. கண்ணுக்கும் குழலுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால் விளிம்பு உயரம். சிலர் தம்பியையோ மனைவியையோ குழலுக்கு முன்னால் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வெறுந் துவக்கானாலும் அது வேண்டவே வேண்டாம், கண்ணாடி போதும்.

அதே நிலையில் மூக்குக்கும் கட்டையைப் பிடித்திருக்கும் பெருவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கிறதா பாருங்கள். அதைவிட நிறைய இருந்து, கட்டை கம்புக்கூட்டிலும் மாட்டினால் உங்களுக்கு நீளம்தான். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பொதுவாக முன் விசையிலிருந்து அடியின் நடுவரை 14¼ முதல் 14¾ அங்குலம் வரை இருக்கும். உங்கள் உயரத்துக்கு அது கூடுதலாக இருக்கலாம். ஆனால் கூடுதல் அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்பது அளந்தால்தான் தெரியும்.

ஒரேயடியாக வெட்டினால் என்ன ஆகும்? கட்டையின் மேல்விளிம்பு பின்பக்கம் தாழ்ந்து சரிந்திருக்கும். கட்டை குறுகியதும் கன்னம் முன்னால் போய், விளிம்பின் உயரமான இடத்தில் படியும். கண் உயரும், வெடியும் மேலே போகும். அடியை வெட்டும் கோணம் பிசகினால் கீழ்முனை நெஞ்சில் குத்தும். தச்சு பாஸுக்கு மரம் தெரியும், இது தெரியாது. வெட்டிய மரம் திரும்ப வராது. அதனால் அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் மட்டும், கால் கால் அங்குலமாக எடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் மெத்தை போடுவதானால் அதன் தடிப்பையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் விலக்கு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கையாலும் சின்ன ஓட்டை போல வைத்து, அதன் வழியே தூரத்திலுள்ள தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கியை இரு கண்ணாலும் பாருங்கள். இடது கண்ணை மூடுங்கள். புகைபோக்கி அப்படியே இருந்தால் உங்கள் வலது கண் முதல் கண், அதாவது குறி பார்ப்பதில் முந்திக்கொள்ளும் கண். காணாமல் போனால் இடது கண் முதல் கண். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது கண் முதல் கண்ணானால் கட்டையை எப்படி மாற்றினாலும் வெடி இடது பக்கம்தான் போகும். அப்படியானால் சுடும் நேரத்தில் இடது கண்ணை மூடப் பழகுங்கள். கண்ணாடி போடுபவரென்றால் இடது வில்லையில், இடது கண் குழல் முனையைப் பார்க்கும் இடத்தில் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டலாம். இடது தோளுக்கு மாறுவது இன்னொரு வழி. ஆனால் பல துவக்குகளின் கட்டை வலக்கைக்காரருக்கென்று வலப்பக்கம் சற்று வளைந்திருக்கும், இடது தோளில் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். வயது போகப் போக முதல் கண் மாறுவதும் உண்டு. உங்கள் அப்பாவுக்குக் குறி தவறாததால் உங்களுக்கும் தவறாது என்று நினைக்க வேண்டாம்.

கண் சரியென்றால் கன்னம் படும் இடத்தில் அட்டைத் துண்டுகளை டேப்பால் ஒட்டி உயரத்தைச் சோதியுங்கள். கட்டை நீளமாக இருந்தால் தலை முன்னால் எட்டிப் போய், கன்னம் அழுத்தமாகப் படியாமல் நிற்கும். வெடி உதைக்கும்போது அந்த இடைவெளிதான் வீக்கமாகிறது. சுட்டுப் பார்ப்பதற்கு, அனுமதித்த இடத்தில், பின்னால் மண்மேடு இருக்கும்படி, 16 யார் தூரத்தில் பெரிய தாளில் ஒரு புள்ளி வையுங்கள். கவனமாகக் குறி பார்க்காமல் புள்ளியையே பார்த்து, ஏற்றியவுடன் நாலைந்து தரம் சுடுங்கள். தாளில் பட்ட சன்னங்களின் (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளின்) கூட்டத்தின் நடு, வைத்த புள்ளியிலிருந்து ஒரு அங்குலம் விலகினால் கட்டையில் பதினாறில் ஒரு பங்கு அங்குல மாற்றம் போதும். மேலே போனால் விளிம்பைத் தாழ்த்த வேண்டும், கீழே போனால் உயர்த்த வேண்டும். சரிவின் கீழே தோட்ட லய வீடுகளோ பாதையோ இருந்தால் அந்தத் திசையில் சுடவே வேண்டாம். எஸ்ஜி என்னும் பெரிய சன்னம் சில நூறு மீற்றர் போகும்.

இவ்வளவும் செய்தும் விலகினால் மறுபடி எழுதுங்கள். கட்டையின் நீளம், எது முதல் கண், தாளில் எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் என்பதையும் சேர்த்து எழுதினால் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்கிறேன்.