இணையம் இல்லாமல் இரண்டு கணினிகளை நேரடியாக இணைப்பது எப்படி?

ரவுட்டரோ இணையமோ இல்லாத இடத்தில் இரண்டு விண்டோஸ் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பரிமாற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்; சாதாரண ஈதர்நெட் கேபிள் ஒன்று போதும். அனுப்பும், பெறும் கம்பிகளை இடம் மாற்றி இணைத்த கிராஸ்ஓவர் கேபிள் என்று தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை, கிகாபிட் போர்ட்டுகள் அந்த இடமாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன.

கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி (ஐபி முகவரி) வழங்க ரவுட்டர் இல்லாததால் விண்டோஸ் சற்று நேரம் காத்திருந்து 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். அதுவும் வேலை செய்யும் என்றாலும், ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கில் உள்ளன என்று காட்டும் எண்) 255.255.255.0 என நாமே கொடுத்துவிடுவது நல்லது. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குச் செல்லும் வாயில்) கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) செய்து பதில் வராவிட்டால், கேபிளைக் குறை சொல்வதற்கு முன் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள்: கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் பெரும்பாலும் பொது நெட்வொர்க்காகக் கருதி, கோப்புப் பகிர்வைத் தடுத்துவிடும். பொது நெட்வொர்க்குக்கான பகிர்வு அமைப்பை இயக்கினால் வழி திறக்கும். வேலை முடிந்ததும் அதை மறக்காமல் அணைத்துவிடுங்கள், குறிப்பாக அது வெளியே எடுத்துச் செல்லும் மடிக்கணினி என்றால்.