சைகை காட்டினால் பேச்சு வராதா?

வாசகர் கேள்விகளுக்கு வேலூரிலிருந்து பதில் சொல்கிறார், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை.

கேள்வி: அம்மா, என் மகளுக்கு நாலு வயது. இரண்டு காதும் கேட்காது. காது மெஷின் போட்டும் ‘அம்மா’, ‘தா’ தவிர வேறு வார்த்தை வரவில்லை. கையைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்கிறாள். ஆனால் பேச்சுப் பயிற்சி தரும் இடத்தில், “சைகையே காட்டாதீங்க, அப்புறம் வாயே திறக்க மாட்டா” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மாமியாரும் அதையே சொல்கிறார். அவள் கையை நீட்டினாலே தட்டிவிடுகிறோம். இப்போதெல்லாம் கடிக்கிறாள், தரையில் புரண்டு அழுகிறாள். என்ன செய்வது?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: தங்கச்சி, அவள் கையைத் தட்டிவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். கடிப்பதும் புரள்வதும் பிடிவாதம் கிடையாது. நாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். வயிறு வலிக்கிறது, அப்பா எங்கே போனார், அந்த நாயைக் கண்டால் பயம். சொல்ல வழி இல்லையென்றால் அவள்தான் என்ன செய்வாள்?

சைகை பேச்சைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை ரொம்பப் பழையது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த உலக மாநாட்டில் கூடிய ஆசிரியர்கள், காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது, வகுப்பில் சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதனால் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நம் ஊர்களில் மட்டும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. பிறந்ததிலிருந்து வீட்டில் சைகைதான். முதல் நாளே பாட்டி செத்துப்போனதையும், பட்டம் அறுந்து பாலாற்றில் விழுந்ததையும் எனக்குக் கதையாகச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ‘நேற்று’, ‘நாளை’ என்பதையே நான் அப்போதுதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தும் அவனுக்குத்தான் சீக்கிரம் வந்தது. மனதில் ஏற்கெனவே ஒரு மொழி இருந்ததால், இரண்டாவது மொழிக்கு அவன் தயாராக இருந்தான்.

மெஷினையும் பேச்சுப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் உட்காதில் கருவி பொருத்தி, வெளியேயும் ஒரு கருவி மாட்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையும் உண்டு. அதற்கு வயது முக்கியம், தள்ளிப்போடாமல் உடனே விசாரியுங்கள். ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷம் பயிற்சி வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளிக்கருவியைக் கழற்றினால் மறுபடி எதுவும் கேட்காது. பேச்சு வரும்போது வரட்டும், அதுவரை பிள்ளை மொழியில்லாமல் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள், மாமியாரும்தான். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். எழுத்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், தெருவில் காலேஜ் படிக்கும் பிள்ளை யாரையாவது தேடித் தரச் சொல்லுங்கள். சாப்பாடு, வலி, மனிதர்கள் என்று ஆரம்பித்தால் போதும். அதைவிட நல்லது, உங்கள் ஊரில் சைகையில் பேசும் பெரியவர்களைக் கண்டுபிடித்துப் பழகுவது. தன்னைப் போல ஒரு பெரியவரைப் பார்ப்பது குழந்தைக்கு எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா!

வைகாசியில் உங்கள் ஊர் கங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கு அவளைக் கூட்டிப்போவீர்கள்தானே? மேளம் அவள் நெஞ்சில் அதிரும், கூட்டத்தைப் பார்ப்பாள். ஆனால் இது என்ன, ஏன் இத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று அவளுக்கு யாராவது சொன்னதுண்டா? அடுத்த தடவை சொல்லுங்கள்.

அடையாள அட்டைக்கு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவைக் கேளுங்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். டீச்சர்களுக்குச் சைகை சரளமாக வருகிறதா, இடைவேளையில் பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் காது கேளாத மாணவன் ஒருவன் இருக்கிறான். எனக்குச் சைகை தெரியாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்கிறார்கள். போதுமா?
- ஆசிரியர், காட்பாடி

பதில்: போதாது, சார். கண்ணாடி முன் நின்று ‘பாடு’, ‘மாடு’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். மீதியை அவன் ஊகிக்கிறான், நாள் முழுக்க ஊகித்துக் களைத்துப்போகிறான். போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். அன்றைய பாடத்தின் புதுச்சொற்களை முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியரைப் பள்ளிக்கு அழையுங்கள். பொதுத்தேர்வில் அவனுக்கு மொழிப்பாட விலக்கும் கூடுதல் நேரமும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வந்த பிறகு ஓடாமல், இந்த வருஷமே ஹெச்.எம்.மிடம் சொல்லி மருத்துவச் சான்றிதழைத் தயார் செய்துவிடுங்கள்.