வெளிநாட்டுப் பணம்: வாசகர் கேள்விகள்

வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டுக்கு அவ்வளவு முக்கியமா? (ராயபுரம்)

முக்கியம்தான். 2024-25இல் சுமார் 13,500 கோடி டாலர் வந்தது. சரக்கு இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் இடையே விழுந்த துண்டில் ஏறக்குறைய பாதியை அடைத்தது இந்தப் பணம்தான்.

தம்பி குவைத்திலிருந்து பேங்க் வழியாக இல்லாமல் உண்டியலில் (ஹவாலா) அனுப்புகிறான். பேங்கைவிட ரேட் கூடுதல். தப்பா? (காசிமேடு)

தப்புதான். எத்தனை முறை எழுதுவது? தம்பி கொடுத்த தினார் அங்கேயே நின்றுவிடுகிறது. இங்கே யாரோ ஒருவருடைய கணக்கில் வராத ரூபாய் உங்கள் வீட்டுக்கு வருகிறது. நாட்டுக்குள் ஒரு டாலர்கூட வரவில்லை. பிடிபட்டால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம்.

இலங்கையைப் பாருங்கள். 2021இல் டாலருக்கு 200 ரூபாய் என்று அரசு பிடித்து வைத்தது. உண்டியல்காரர்கள் அதற்கு மேல் கொடுத்தார்கள். பேங்க் வழியாக 2020இல் 700 கோடி டாலருக்கு மேல் வந்த பணம், 2022இல் 400 கோடிக்கும் கீழே போய்விட்டது. சுற்றுலா படுத்தது, கடன் தவணை நெருக்கியது, இதுவும் சேர்ந்து டாலர் கையிருப்பு வற்றிப்போனது. பெட்ரோலுக்கும் மருந்துக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சரி, நாட்டை விடுங்கள். நாளை நீங்கள் வீடு வாங்கும்போது பணம் எப்படி வந்தது என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? ரசீது இல்லாமல் பணம் அனுப்பவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

மணலியில் வேலை செய்யும் பீகார்காரர்கள் நம் பணத்தையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்களே? (வியாசர்பாடி)

அது அவர்கள் உழைத்த கூலி. அவர்கள் செய்த வேலை இங்கேதான் இருக்கிறது; வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இங்கேதான் போகிறது. நம் பிள்ளை துபாயிலிருந்து அனுப்பினால் பெருமை, அவர்கள் அனுப்பினால் மட்டும் நஷ்டமா?

ரூபாய் இன்னும் விழும்வரை காத்திருந்து அனுப்பச் சொல்லலாமா? (எண்ணூர்)

வேண்டாம். மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள்.

கணவர் சவுதியில். அவர் டெபாசிட் வட்டியில் வரி பிடித்துவிட்டார்கள். ஏன்? (தண்டையார்பேட்டை)

எந்தக் கணக்கு என்றே எழுதவில்லை. என்.ஆர்.ஓ. கணக்கென்றால், அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வரும் வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கென்றால், வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். அங்கே சம்பாதித்ததை அனுப்பிப் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரி கிடையாது. பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மாதச் செலவுக்கு அவர் உங்களுக்கு அனுப்பும் தொகைக்கு வரி இல்லை. அதற்கும் ரசீதை எடுத்து வையுங்கள்.