அமர்வை யார் பார்த்தார்கள்?

அன்புள்ள சார்,

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து ஒரு மனநல மையத்தில் ஒன்றரை வருடமாகக் குடும்பங்களுக்கு ஆலோசனை தருகிறேன். வாரம் ஒருமுறை சீனியரிடம் கேஸ்களைச் சொல்வேன், அவர் வழி சொல்வார். என் அமர்வில் அவர் உட்கார்ந்ததில்லை. இனி குடும்ப சிகிச்சையை முறையாகக் கற்க ஆசை. அதன் முன்னோடிகளில் மினுச்சின் முறையா, போவன் முறையா? ஆறு மாத ஆன்லைன் படிப்பு போதுமா? அமெரிக்க ஆய்வுகள் நம் குடும்பங்களுக்குப் பொருந்துமா?

ர.

அன்புள்ள ர.,

பொருந்துமா என்ற கவலையை இப்போதைக்கு விடுங்கள். வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் தங்குவது பல பத்தாண்டுப் பழக்கம். குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்வது நமக்கு அன்னியமல்ல. மினுச்சினா போவனா என்பதும் பிறகு. உங்கள் சீனியர் எதில் தேர்ந்தவரோ அதில் தொடங்குங்கள்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. ஒன்றரை வருடமாக உங்கள் அமர்வை ஒருவரும் பார்க்கவில்லை. இது உங்களை உறுத்தவே இல்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன். உங்கள் மீதுள்ள கோபத்தைவிட உங்களை அப்படி விட்டவர்கள் மீது அதிகம்.

நினைவிலிருந்து சொல்லும் கேஸில் என்ன விடுபடுகிறது என்று பாருங்கள். "அம்மா ரொம்ப அடக்குகிறார், பையன் வாயே திறப்பதில்லை" என்று சீனியரிடம் சொல்கிறீர்கள். அதே அமர்வின் வீடியோவில் வேறொன்று தெரியலாம். பையனிடம் ஒரு கேள்வி போடுகிறீர்கள். அவன் மூச்சை இழுக்கிறான். அம்மா பதில் சொல்கிறார். நீங்கள் அம்மா பக்கம் திரும்பித் தலையாட்டி அதைக் குறிப்பேட்டில் எழுதுகிறீர்கள். பையன் தரையைப் பார்க்கிறான். அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனைப் பேசவிடாததில் உங்களுக்கும் பங்கு உண்டு. அது உங்கள் அறிக்கையில் வராது, ஏனென்றால் நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. சீனியர் உங்கள் கதைக்கு மருந்து சொல்கிறார். குடும்பமோ வேறு இடத்தில் நிற்கிறது.

இதை ஆய்வும் சொல்கிறது. வில்லியம் மில்லரும் சகாக்களும் 2004இல் போதைச் சிகிச்சையாளர்கள் 140 பேருக்கு மாறவேண்டும் என்ற எண்ணத்தை வந்தவரிடமிருந்தே பேசி வரவழைக்கும் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்' முறையைப் பலவிதமாகக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். பட்டறைக்குப் பிறகு ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்துச் சொல்வதும் தொடர்ந்து பயிற்றுவிப்பதும் திறனைக் கூட்டின. தங்கள் திறனைப் பற்றி அவர்களே சொன்னதற்கும் பதிவில் கேட்டதற்கும் தொடர்பே இல்லை. அனுபவம் கைகொடுக்கும் என்று நம்பவேண்டாம். 2016இல் கோல்ட்பெர்க் குழு 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் பார்த்தபோது, வருடம் ஏற ஏறப் பலன் சராசரியாகச் சற்றுக் குறைந்தே இருந்தது. குடும்ப சிகிச்சையிலேயே வாஷிங்டன் மாநிலக் கணக்கு ஒன்று உண்டு. குற்றத்தில் சிக்கிய சிறாரின் குடும்பத்தோடு வேலை செய்யும் 'ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி'யைத் தேர்ச்சியோடு செய்தவர்களிடம் போன சிறார்கள் மீண்டும் பெருங்குற்றத்தில் சிக்குவது 38 சதவீதம் குறைந்தது. அதே முறையைச் சரியாகச் செய்யாதவர்களிடம் போனவர்களுக்குப் பலனில்லை. முறையின் பெயர் இரு பக்கமும் ஒன்றுதான்!

அமெரிக்காவில் குடும்ப சிகிச்சைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு நீண்டகாலம் கேட்டது இது: 500 மணி நேரம் சிகிச்சை, அதில் பாதி தம்பதிகளோடும் குடும்பங்களோடும், 100 மணி நேரம் மேற்பார்வை, அதில் பாதியாவது வீடியோ, ஆடியோ அல்லது நேரடிக் கவனிப்பின் மூலம். உங்கள் ஆன்லைன் படிப்பில் உங்கள் அமர்வை யார், எத்தனை முறை பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டாதீர்கள்.

பிலடெல்பியாவில் மினுச்சினோடு வேலை செய்த மொன்டால்வோ, ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கமுடிகிற ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மேற்பார்வை செய்வது பற்றி 1973இல் எழுதினார். இருவரும் முன்கூட்டியே எல்லை பேசிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். மேற்பார்வையாளர் உங்களை வெளியே அழைக்கலாம், நீங்களாகவும் எழுந்து வரலாம். அவர் சொல்வதில் எது கட்டாயம், எது உங்கள் விருப்பம் என்பது அமர்வுக்கு முன்பே தெளிவாக வேண்டும். தொலைபேசியில் சொன்னால் ஒரே ஒரு விஷயம், அரை நிமிடத்துக்குள். மூன்று யோசனைகளைச் சுமந்து திரும்புகிறவர் எதிரில் இருப்பவர்களைக் கவனிக்க மாட்டார்.

உங்களிடம் கண்ணாடி அறை இருக்காது. ஒரு கேமராவும் முக்காலியும் போதும். பலர் கேமராவைக் குடும்பத்தின் பக்கம் மட்டும் திருப்பிவைப்பார்கள். அப்புறம் பார்க்கவேண்டிய ஆள் படத்திலேயே இருக்க மாட்டார். நீங்களும் சட்டகத்துக்குள் இருக்கவேண்டும். முழு அமர்வையும் சீனியருக்குப் போட்டுக் காட்டாதீர்கள். நீங்கள் திணறிய ஐந்து முதல் பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு கேள்வியோடு போங்கள். "இங்கே அப்பாவை ஏன் விட்டேன்?" என்பதுபோல. முதல் தடவை ஒலியை அணைத்துப் பாருங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது உடனே தெரியும். சீனியர் நிறுத்தும் இடத்தில் அடுத்து என்ன கேட்டிருக்கலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "புரிந்தது சார்" என்று தலையாட்டி எழுந்துவிடாதீர்கள்.

ஒப்புதல் எழுத்தில் வேண்டும். யார் பார்ப்பார்கள், எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று தமிழில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். உங்கள் சொந்த செல்போனில் பதியவே கூடாது. வேண்டாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னாலும் கேமராவை எடுத்துவிட்டு, அடுத்த அமர்வில் சீனியர் ஓரமாக உட்கார அவர்கள் சம்மதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.