வலிப்பு எந்த நிமிடத்தில் வரும்?

கேள்வி: அழுத்த அறையில் ஆக்சிஜன் சிகிச்சை பெறுபவருக்கும், தூய ஆக்சிஜனுடன் கடலுக்குள் இறங்கும் டைவருக்கும் ஆக்சிஜன் மூளையைத் தாக்கி வலிப்பு வரலாம் என்கிறார்களே, அதை முன்கூட்டியே கணித்துவிட முடியாதா?

பதில்: நிமிடத்தைச் சொல்ல முடியாது. ஆபத்து எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக கென்னத் டொனால்டு நடத்திய சோதனைகளில், ஒரே டைவர் ஒரே 70 அடி ஆழத்தில் ஒரு நாள் 7 நிமிடத்தில் அறிகுறி காட்டினார். இன்னொரு நாள் 148 நிமிடம் தாக்குப்பிடித்தார். 'போன தடவை ஒன்றும் ஆகவில்லையே' என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

கணக்குக்கு வருவோம். இஸ்ரேலிய ஆய்வாளர் ரான் அரியெலியின் சமன்பாட்டில் நச்சுக் குறியீடு, நேரத்தின் வர்க்கத்தையும் ஆக்சிஜன் பகுதி அழுத்தத்தின் (சுவாசிக்கும் வாயுவில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம்) 6.8 அடுக்கையும் பெருக்கினால் கிடைப்பது. நேரம் இரட்டித்தால் குறியீடு 4 மடங்கு. அழுத்தம் 1.4 வளிமண்டலத்திலிருந்து (கடல்மட்டக் காற்றழுத்தம் 1 வளிமண்டலம்) 1.6 ஆனாலே ஏறத்தாழ இரண்டரை மடங்கு! அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் அட்டவணையும் ஒரு தடவைக்கு 1.4-க்கு 150 நிமிடம் தருகிறது, 1.6-க்கு 45 நிமிடம்தான்.

சமன்பாட்டுக்குள் அடங்காதது கார்பன் டை ஆக்சைடு. உடல் உழைப்பாலோ மூச்சை அடக்கி விடுவதாலோ அது இரத்தத்தில் தேங்கினால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். கூடுதல் ஆக்சிஜன் மூளைக்குள் பாயும். அதனால்தான் உலர்ந்த அறையில் அசையாமல் படுத்திருப்பவர் 2.8 வளிமண்டலத்தைத் தாங்குகிறார். நீருக்குள் துடுப்படிப்பவருக்கு 1.6-ஏ உச்சவரம்பு. காய்ச்சலும் ஆபத்தைக் கூட்டும். டைவர்களுக்கு அழுத்தக் குறைவால் வரும் நோய்க்கான அமெரிக்கக் கடற்படையின் சிகிச்சை அட்டவணை 6, அந்த 2.8-இல் 20 நிமிட ஆக்சிஜனுக்கு 5 நிமிடம் காற்று என்று இடைவெளி விடுகிறது.

கேள்வி: முன் அறிகுறி ஏதும் உண்டா?

பதில்: உதடு துடிப்பு, பார்வை குறுகுதல், காதில் இரைச்சல், குமட்டல், சிடுசிடுப்பு, தலைசுற்றல். ஆனால் இவை எதுவுமே இல்லாமல் நேராக வலிப்பே வருவதும் உண்டு. தோலின் மின்கடத்தலில் அறிகுறிக்கு முன்பே மாற்றம் தெரிவதை டியூக் பல்கலைக்கழகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நம்பிக்கை தருகிற வழிதான். ஆனால் தோலின் மின்கடத்தல் சாதாரணப் பதற்றத்திலும் ஏறும்.

அறையில் வலிப்பு வந்தால் முதலில் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றுங்கள். உடல் விறைத்திருக்கும்போது அழுத்தத்தைக் குறைக்கவே கூடாது: குரல்வளை மூடியிருக்கும், நுரையீரலில் சிக்கிய காற்று விரிந்து திசுவைக் கிழித்துவிடும். மூச்சு திரும்பும்வரை வால்வைத் தொடாதீர்கள். இன்னொன்று, உதடு துடிப்பைக் கண்டு மாஸ்க்கை எடுத்தவுடன் நிம்மதியாகி விடாதீர்கள். காற்றுக்கு மாறிய சில நிமிடங்களுக்குள்ளும் வலிப்பு வரலாம்.