அஸ்வெசும காசு விழும் வாரத்தில் சாமான் கூட்டி எடுக்கலாமா?

கேள்வி: கொழும்பு கிராண்ட்பாஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அஸ்வெசும போல ஏழைக் குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் கொடுக்கும் காசு உண்மையில் கடைக்கு வந்து சேருகிறதா? அஸ்வெசும விழும் வாரத்துக்குச் சரக்கைக் கூட்டலாமா?

பதில்: வந்து சேரும், முழுவதும் அல்ல. 2020இல் கொரோனா நிவாரணமாக அமெரிக்க அரசு பெரியவர் ஒருவருக்கு 1,200 டொலர் வரை கொடுத்தது. பெற்றவர்களிடம் விசாரித்த ஆய்வொன்றில் சுமார் 40 சதவீதமே செலவானதாகத் தெரிந்தது. மிச்சம் சேமிப்புக்கும் கடனுக்கும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் போனது. வங்கிக் கணக்கில் காசில்லாதவர்கள் உடனே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் செலவழித்தார்கள். சேமிப்பு உள்ளவர்களின் செலவு அவ்வளவாக மாறவில்லை.

அந்த 40ஐ அப்படியே கொழும்புக்குப் பொருத்த வேண்டாம். அது எப்போதாவது வந்த காசு, நடுத்தர வருமானக்காரருக்கும் போனது. அஸ்வெசும தெரிவான குடும்பங்களுக்கு மாதாமாதம் வருவது: 2025 முதல் வறியவர்களுக்கு 10,000 ரூபா, மிக வறியவர்களுக்கு 17,500. வருமென்று தெரிந்த காசைப் பலர் வருமுன்பே கடனுக்குச் சாமான் வாங்கிச் செலவழித்துவிடுவார்கள். அந்தச் செலவு ஏற்கெனவே உங்கள் கடன் கொப்பியில் இருக்கிறது.

லாச்சி (காசுப் பெட்டி) நிறைவதை வைத்துச் சரக்கெடுப்பதுதான் பெரிய பிழை. ஒரு கணக்கைப் பாருங்கள். முந்தைய வாரம் காசு வியாபாரம் 120,000, கடன் வியாபாரம் 80,000, மொத்தம் 200,000. காசு விழுந்த வாரம் லாச்சியில் 260,000. ஆனால் அதில் 70,000 பழைய கடன். காசு வியாபாரம் 190,000, புதுக் கடன் 30,000 என்றால் விற்ற சாமான் 220,000க்குத்தான். கூடியது 10 சதவீதம். அடுத்த வாரம் 190,000க்கு இறங்கினால், இரண்டு வாரத்துக்கும் சேர்த்து வழமையைவிடக் கூடுதலாக விற்றது 10,000 ரூபாவுக்கு மட்டுமே.

ஆகவே மூன்று மாதத்துக்குக் காசு வியாபாரம், கடன் வியாபாரம், பழைய கடன் வசூல் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். காசு விழுவதற்கு முந்தைய 7 நாள், பிந்தைய 14 நாள். சம்பள வாரமோ தீபாவளி, புத்தாண்டோ குறுக்கிட்டால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். முதல் இரண்டையும் கூட்டி வரும் உயர்வு எவ்வளவோ, அவ்வளவுக்கே அரிசி, பருப்பு, சீனி, சிறிய பால்மா பக்கற் எடுங்கள். விலை கூடிய சாமான்களை இந்த வாரத்தை நம்பிக் குவிக்க வேண்டாம். வசூலான 70,000 நீங்கள் ஏற்கெனவே போட்ட பணம் திரும்பி வந்தது. முதலில் புறக்கோட்டை மொத்தக் கடைக்காரரின் பாக்கியை அதில் தீருங்கள்.