நாங்கள் ரொட்டிக்கா வரிசையில் நின்றோம்?

அன்புள்ள தம்பி,

உங்கள் புதிய தொகுப்பை வெள்ளவத்தையில் வாங்கி வாசித்தேன். 1974இல் விடியப்புறம் வரிசையில் நிற்கிற பிள்ளையின் கதையில், அவள் 'ரொட்டி' வாங்க நிற்கிறாள். நானும் அந்தக் காலத்தில் நின்றவள்தான், பாணுக்கு. நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்கள்?

ஒரு வாசகி, தெகிவளை

அன்புள்ள அக்கா,

பிழை என்னில்தான். நான் எழுதிக் கொடுத்தது பாண் என்றுதான். புத்தகம் சென்னையில் அச்சானது, அங்கே உள்ளவர்களுக்கு விளங்காது, ரொட்டி என்று போடுவோமா என்று பதிப்பாசிரியர் கேட்டார், நானும் சரி என்றுவிட்டேன். அவர் தன் வாசகரை நினைத்துக் கேட்டார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரம் எனக்கு உங்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கதையே கெட்டுப்போயிருப்பது உறைத்தது. ரொட்டி என்பது எங்களுக்கு வீட்டில் தேங்காய்ப்பூ போட்டுக் குழைத்துச் சுடுவது, அதற்கு யார் இருட்டோடு எழும்பிப் பேக்கரி வாசலில் நிற்பார்கள்? பாண் பேக்கரியில் வாங்குவது, 1505இல் வந்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். 450 கிராம் என்று நிறை எழுதியிருந்தாலும் இன்றைக்கும் கடையில் 'ஒரு றாத்தல் பாண்' என்றுதான் கேட்கிறோம். மாவுக்குத் தட்டுப்பாடான அந்த நாட்களில் என் அம்மா ஒரு றாத்தலை ஆறு பேருக்கு அளந்து வெட்டுவார், கடைசிப் பிள்ளையான எனக்கு ஓரத்துண்டு, பிறகு பலகையில் விழுந்த துகளை நாங்கள் விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துத் தின்போம். அந்தத் துகளுக்கு வேறு பெயர் வைக்க எனக்கு என்ன உரிமை?

சென்னை வாசகரும் எனக்கு வேண்டியவர்தான். ஆனால் அவருக்கு விளங்காது என்று நாங்களே முடிவுகட்டுவது அவரையும் குறைத்து மதிப்பதுதானே. டிபன் என்றால் என்னவென்று அடிக்குறிப்பு எதுவும் இல்லாமல் அவர்களுடைய கதைகளில் இருந்தே நாங்கள் பிடித்துக்கொள்ளவில்லையா? எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' சஞ்சிகையைத் தானே கையில் கொண்டுதிரிந்து விற்றவர், வாங்குகிறவரின் முகம் அவருக்குத் தெரியும். எனக்கு உங்கள் கடிதம்தான் அந்த முகம்.

அடுத்த பதிப்பில் பாண் என்றே வரும், நேற்றே எழுதிச் சொல்லிவிட்டேன். மற்றது, 'கதிரை'யும் இரண்டு இடத்தில் 'நாற்காலி' ஆகியிருக்கிறது. உங்கள் கண்ணில் வேறு ஏதும் பட்டிருந்தால் பக்க எண்ணோடு எழுதுங்கள் அக்கா, அச்சுக்குப் போக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.